சேலம் மாடித்தோட்டக் குழு, பெங்களூர்ல ஒரே ஒரு நாள்: எந்தத் தோட்டம் போறது, யாரு சுத்திக் காட்டுவாங்க?

மாடிமல்லிகை_சேலம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க சேலத்துல ஒரு சின்ன மாடித்தோட்டக் குழு, மொத்தம் 18 பேர், அதுல 13 பேர் பொம்பளைங்க, வயசு 30ல இருந்து 71 வரைக்கும் இருக்கு. மாசாமாசம் விதை மாத்திக்கிறது, ஒருத்தர் மாடிக்கு இன்னொருத்தர் போய் பாக்குறதுனு 6 வருஷமா ஓடிட்டிருக்கு. இந்த ஜனவரியில டெம்போ டிராவலர் எடுத்துட்டு பெங்களூர் வந்து தோட்டம் மட்டும் பாத்துட்டு வரலாம்னு முடிவு பண்ணிருக்கோம்.

இங்க ஒரு டிராவல்ஸ்ல கேட்டோம், அவங்க குடுத்த லிஸ்ட்ல லால்பாக் 45 நிமிஷம், அப்புறம் அரண்மனை, கோயில், சாயங்காலம் ஒரு பெரிய மால்னு போட்டிருக்காங்க. 45 நிமிஷத்துல லால்பாக்ல நாங்க என்னத்தைங்க பாக்குறது, எங்க குழுவுல ஒரு அக்கா ஒரே ஒரு செம்பருத்தி முன்னாடி அரை மணி நேரம் நிப்பாங்க. எங்களுக்கு மால் வேண்டாம். செடியைப் பத்தி தெரிஞ்ச ஒருத்தர் கூட நடந்து வந்து இது என்ன மரம், எங்கிருந்து வந்துச்சு, எப்ப பூக்கும்னு சொல்லணும், முடிஞ்சா தமிழ்ல. செடி வாங்க நல்ல நர்சரி வேணும். ரெண்டு பேருக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. மலர் கண்காட்சி சமயத்துல வரலாமா இல்ல அதைத் தவிர்க்கணுமா? காலையில எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

---

பசவனகுடிவாசி

வணக்கம் அக்கா. நான் 22 வருஷமா பெங்களூர்ல இருக்கேன், லால்பாக்ல வாரத்துக்கு நாலு நாளாவது காலையில நடக்குறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணு, அந்த டிராவல்ஸ் லிஸ்ட்டை அப்படியே விட்டுடுங்க. தோட்டக்காரங்களுக்கு ஒரு நாள்னா ரெண்டு இடம், மிஞ்சிப் போனா மூணு. லால்பாக் மட்டுமே 240 ஏக்கர். 1760ல ஹைதர் அலி ஆரம்பிச்சது, திப்பு சுல்தான் வெளிநாட்டுல இருந்தெல்லாம் செடி வரவழைச்சு வளத்தாரு, அப்புறம் வெள்ளைக்காரங்க காலத்துல லண்டன்ல இருக்குற கியூ தாவரவியல் தோட்டத்துல பயிற்சி எடுத்தவங்க வந்து பாத்துக்கிட்டாங்க. அதுல ஜான் கேமரன்னு ஒருத்தர், 1874ல வந்தவர். நம்ம வீட்டுப் பெரியவங்க சௌசௌவை பெங்களூர் கத்திரிக்காய்னு சொல்வாங்கல்ல, அந்தக் கொடியை இந்த ஊருக்குக் கொண்டு வந்தது அவர்தான்னு சொல்றாங்க. உங்க சமையக்கட்டுல இருக்குற காய்க்கும் இந்த தோட்டத்துக்கும் இப்படி ஒரு உறவு இருக்குனு தெரிஞ்சுக்கிட்டு உள்ள நுழைஞ்சா பாக்குற விதமே மாறிடும்.

அவருக்கு அப்புறம் 1908ல வந்தவர் கிரும்பிகல், ஜெர்மனிக்காரர், 1932 வரைக்கும் பொறுப்புல இருந்தார், கடைசி வரைக்கும் இந்த ஊர்லயே இருந்து 1956ல இங்கயே செத்தும் போனார். பெங்களூர்ல எந்த மாசம் வந்தாலும் ஏதாவது ஒரு மரம் தெரு முழுக்க பூத்துக் கிடக்குதே, ஒரு மரம் முடிச்சா அடுத்த மரம் ஆரம்பிக்கிற மாதிரி நட வெச்ச யோசனை அவரோடது. நவம்பர் டிசம்பர்ல மரமல்லி, ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ரோஸ் கலர், மஞ்சக் கலர் டபேபுயா, அதை ஒட்டியே ஊதா ஜக்கராண்டா, ஏப்ரல் மே வந்தா குல்மோஹர். நம்ம மாடியில கூட வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தொட்டி பூவோட இருக்குற மாதிரி திட்டம் போடலாம்ல, அதைத்தான் அவர் ஒரு ஊர் அளவுக்கு செஞ்சு வெச்சாரு.

நீங்க கண்டிப்பா நின்னு பாக்க வேண்டியதுனா, அந்தப் பெரிய இலவம்பஞ்சு மரம். அடியில பலகை மாதிரி விரிஞ்சிருக்குற வேருக்கு நடுவுல ஆள் நின்னா மறைஞ்சிடுவாங்க. நாகலிங்க மரம் தண்டுலயே பூக்குறதை பக்கத்துல பாருங்க. அப்புறம் நிஜமான அசோக மரம். நம்ம ஊர்ல காம்பவுண்ட் ஓரமா நெட்டையா வெச்சிருக்குறதை எல்லாரும் அசோக மரம்னு சொல்றோம், அது நெட்டிலிங்கம், நிஜ அசோகம் கொத்துக் கொத்தா ஆரஞ்சும் சிவப்புமா பூக்கும், உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தா ஜனவரி கடைசியில ஒண்ணு ரெண்டு கொத்து ஆரம்பிச்சிருக்கும். கண்ணாடி மாளிகை பக்கத்துல கிறிஸ்துமஸ் மரம்னு எல்லாரும் சொல்ற ஆரக்கேரியா இருக்கு. கண்ணாடி மாளிகை 1889ல அடிக்கல் போட்டது, இரும்பெல்லாம் கிளாஸ்கோவுல வார்த்து கப்பல்ல வந்தது. போன்சாய் தோட்டம் தனியா இருக்கு, அங்க மட்டும் முக்கால் மணி நேரம் வெச்சுக்குங்க.

தோட்டத்துக்குள்ள கெம்பேகவுடா கோபுரம் இருக்குற அந்தப் பாறை மேல ஏறிப் பாருங்க. சுமார் 300 கோடி வருஷத்துப் பாறை, புவியியல் ஆய்வுத்துறை தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சது. இன்னொண்ணு, நம்ம விழுப்புரம் பக்கம் திருவக்கரை இருக்குல்ல, அங்கிருந்து கொண்டு வந்த கல்மரம் ஒண்ணு லால்பாக்ல வெச்சிருக்காங்க, 2 கோடி வருஷம் பழசு. நிறைய பேர் கவனிக்காமலே தாண்டிப் போறாங்க, நான் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் போவேன்.

காலையில 6 மணிக்கே கேட் திறந்துடும். 6:30க்கு நீங்க உள்ள இருக்கணும். 10 மணிக்கு மேல கூட்டமும் வெயிலும் வந்துடும், பூவோட வாசனையும் போயிடும். முட்டி வலி இருக்குறவங்களுக்கு உள்ள பேட்டரி வண்டி ஓடுது, அதுல ஒரு சுத்து வந்துட்டு அப்புறம் போன்சாய் பக்கம் உக்காந்துக்கலாம்.

---

ஈரோடு_விதைப்பெட்டி

மலர் கண்காட்சி பத்தி நான் சொல்றேன். வருஷத்துல ரெண்டு தடவை நடக்கும், குடியரசு தினத்தை ஒட்டி ஒண்ணு, சுதந்திர தினத்தை ஒட்டி ஒண்ணு. நாங்க ரெண்டு வருஷம் முன்னாடி குழுவா போனோம், டூர்க்காரங்க எங்களை ஜனவரி 26 அன்னிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. கண்ணாடி மாளிகைக்குள்ள கயிறு கட்டி வரிசையில தள்ளி விடுறாங்க, நின்னு ஒரு பூவை கூட பாக்க முடியல, கூட வந்த சின்னம்மா ஒருத்தங்க கூட்டத்துல தவறிப் போய் ஒரு மணி நேரம் தேடினோம், அன்னிக்கு பட்ட பயம் இன்னும் போகல. கைட்னு வந்த பையனுக்கு செடி பேரு ஒண்ணும் தெரியாது, பாவம் அவனைச் சொல்லி என்ன, அவனை அனுப்பினவங்க கேட்ட கேள்வியே அது இல்லையே.

அதுக்காக கண்காட்சியே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். காய்கறி செதுக்கல், இக்கபானாங்கற ஜப்பான் பூ அலங்காரம், போன்சாய், வெளியில நர்சரிக்காரங்க, விதைக்காரங்க ஸ்டால் எல்லாம் ஒரே இடத்துல வர்றது அப்பதான். போனா செவ்வாய் புதன் மாதிரி வார நாள்ல, கண்காட்சி ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு நாள்லயே போங்க, அப்பதான் பூவும் வாடாம இருக்கும். சனி ஞாயிறு, 26ஆம் தேதி மூணையும் தொடாதீங்க.

---

ஓசூர்தோட்டக்காரன்

அக்கா வணக்கம், நான் தோட்டக்கலை படிச்சவன், இப்ப ஓசூர்ல ரோஜா பாலிஹவுஸ்ல வேலை. நீங்க கேக்காத ஒரு விஷயம்தான் சொல்ல வர்றேன், ஆனா செடி வாங்கறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சே ஆகணும்.

பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல. சேலம் சுமார் 280 மீட்டர். அந்த 600 மீட்டர் வித்தியாசம்தான் உங்க பணத்தை முழுங்குற இடம். பெங்களூர் நர்சரியில ஃபூஷியா, ஹைட்ரேஞ்சியா, அசேலியா, கிழங்கு பிகோனியா எல்லாம் கண்ணைப் பறிக்கும், ஜனவரியில வாங்கிட்டுப் போவீங்க, பிப்ரவரி வரைக்கும் நல்லா இருக்கும், மார்ச் கடைசியில சேலம் மொட்டைமாடி கான்கிரீட் சூட்டுல ஒரே வாரத்துல கருகிடும். அப்புறம் நமக்கு கை ராசி இல்லைனு மனசு உடைஞ்சு போயிடுவாங்க. கைல தப்பு ஒண்ணும் இல்ல, ராத்திரி குளுமை கிடைக்காததுதான் காரணம். பெட்டூனியா, டாலியா எல்லாம் குளிர்காலத்துக்கு மட்டும்னு நினைச்சு வாங்கினா சரி. அடீனியம், போகன்வில்லா, இட்லிப்பூ, செம்பருத்தி, தொங்கவிடுற போர்டுலக்கா வகைகள் இதுல புது கலர், புது ரகம் தேடுங்க, அதுதான் உங்க மாடியில நிக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி பையை லேசா தட்டி வேரைப் பாருங்க. வேர்ல சின்னச் சின்ன முடிச்சு இருந்தா நூற்புழு, தொடவே வேண்டாம், அந்த மண்ணு உங்க மத்த தொட்டிக்கும் போயிடும். இலைக்கு அடியில, கணுவுல வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி. வீட்டுக்கு வந்ததும் 2 வாரம் தனியா வெச்சுட்டு அப்புறம் மத்த செடியோட சேருங்க. வண்டியில ஏத்தறப்ப பழக்கூடை கிரேட்ல நிக்க வெச்சு, அடியில ஈரச் சாக்கு போடுங்க, மூடின டிக்கியில 4 மணி நேரம் போட்டு வேக வெச்சிடாதீங்க.

இன்னொரு இடம், காய்கறி போடுறவங்க உங்க குழுவுல இருந்தா, ஹெசரகட்டாவுல இருக்குற ஐஐஹெச்ஆர், அதாவது இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். அர்கானு பேரு ஆரம்பிக்கிற ரகமெல்லாம் அங்க உருவானதுதான். அர்கா அனாமிகா வெண்டை, நரம்பு மஞ்சளாகுற வைரஸைத் தாங்கறதுக்குனு கொண்டு வந்தது, அதுல விதை எடுத்து வெச்சு மறுபடி போடலாம். அர்கா ரக்ஷக் தக்காளி இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூணையும் தாங்கற ஹைப்ரிட், அதுல எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது, ஒவ்வொரு தடவையும் புதுசா வாங்கணும். அங்க விதை விக்கிற கவுண்டர் இருக்கு. மண்ணில்லாம தென்னைநார்க் கழிவுல வளக்கறது, அடுக்குத் தோட்டம், இதெல்லாம் மாடிக்காரங்களுக்குனே செஞ்சு வெச்சிருக்காங்க. ஆனா நகரத்துக்கு வடமேற்கு ஓரம், டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம் ஆகும், முன்னாடியே லெட்டர் போட்டு அனுமதி வாங்கி வேலை நாள்லதான் போகணும். ஒரே நாள்ல லால்பாக்கும் அதுவும் சேர்த்தா ரெண்டும் அரைகுறையா போயிடும், அதுக்கு தனியா ஒரு நாள் வாங்க.

---

மாடிமல்லிகை_சேலம்

அய்யோ தம்பி, ரொம்ப நன்றி, போன வருஷம் ஊட்டியில இருந்து 9 ஹைட்ரேஞ்சியா தூக்கிட்டு வந்து ஏப்ரல்ல எல்லாமே போச்சு, நாங்க தண்ணி ஊத்துனதுல தப்புனு நினைச்சு ரொம்ப நாள் வருத்தப்பட்டுட்டு இருந்தோம். இதை குழுவுல எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.

பசவனகுடி அண்ணா, ரெண்டு கேள்வி. லால்பாக்ல செடி விக்கிறாங்களா, இல்ல வெளிய நர்சரி போகணுமா? அப்புறம் சுத்திக் காட்ட தமிழ் தெரிஞ்சவங்க கிடைப்பாங்களா? எங்க குழுவுல பாதிப் பேருக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, அவங்க ஒரு மூலையில நின்னு முழிச்சிட்டு இருக்கக் கூடாது, அவங்கதான் எங்களுக்கெல்லாம் செடி சொல்லிக் குடுத்தவங்க.

---

பசவனகுடிவாசி

அக்கா, உள்ளேயே நர்சரிமென் கோஆப்பரேட்டிவ் சொசைட்டி இருக்கு, செடி, விதை, தொட்டி எல்லாம் வாங்கலாம். அதோட லால்பாக்கை ஒட்டியே சித்தாபுரா பக்கம் பழைய நர்சரிங்க இருக்கு, தலைமுறை தலைமுறையா அதே தொழில் பண்றவங்க. தமிழ்ல பேசறதுக்கு ஆள் கேட்டீங்கல்ல, இதைக் கேளுங்க. திகளர்னு ஒரு சமூகம், பெங்களூர்ல காலங்காலமா தோட்ட வேலை, பூ, கீரை, காய்னு இருக்குறவங்க. ஹைதர் அலி காலத்துல லால்பாக் போட்டப்ப தமிழ்ப் பக்கமிருந்து வந்து வேலை செஞ்சவங்கனு சொல்வாங்க. பங்குனி சித்திரையில தர்மராய சாமி கோயில்ல நடக்குற கரகத் திருவிழா இவங்களோடதுதான், திரௌபதி அம்மனுக்கு, மல்லிகைப்பூவால கோபுரம் மாதிரி கட்டின கரகத்தை தலையில தூக்கிட்டு ராத்திரி முழுக்க ஊர் சுத்தி வருவாங்க. நம்ம ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பாத்தவங்களுக்கு உடனே மனசு ஒட்டிக்கும்.

நான் முதல்ல ஒரு நர்சரிக்குப் போய் எனக்குத் தெரிஞ்ச ஓட்டைக் கன்னடத்துல எலுமிச்சங்கன்னு கேட்டுட்டு இருந்தேன், அங்க இருந்த பெரியவர் நான் முடிக்கற வரைக்கும் பொறுமையா கேட்டுட்டு தமிழ்லயே பதில் சொன்னாரு. நம்ம தமிழ் மாதிரியும் இருக்கும், கன்னடமும் தெலுங்கும் கலந்தும் இருக்கும், கேக்கவே அவ்வளவு இதமா இருந்துச்சு. ஒட்டுக் கன்னுல ஒட்டுக்குக் கீழ தளிர் வந்தா உடனே கிள்ளணும்னு அவர் என் கையைப் பிடிச்சு காட்டிக் குடுத்தது, இன்னிக்கு என் எலுமிச்சை காய்க்குதுனா அதனாலதான். உங்க குழுவுல இங்கிலீஷ் வராதவங்க இருக்காங்கனு சொன்னீங்கல்ல, அவங்கதான் அந்த நர்சரியில அதிகமா பேசப் போறாங்க பாருங்க.

லால்பாக் உள்ள சுத்திக் காட்ட, மரங்களைப் பத்தி நடை நடத்துறவங்க ஊர்ல இருக்காங்க, பெரும்பாலும் இங்கிலீஷ்ல. பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்குற இன்டாக் அமைப்போட பெங்களூர் பிரிவும் பாரம்பரிய நடை நடத்துது. குழுவா வந்தா தனியா ஏற்பாடு பண்ணச் சொல்லி ஒரு மாசம் முன்னாடி எழுதிக் கேளுங்க, கேக்கறப்பவே நாங்க தோட்டம் போடறவங்க, ராஜா கதை கொஞ்சமா போதும், செடிதான் வேணும்னு சொல்லிடுங்க, 18 பேருக்கு ரெண்டு பேர் வேணும்னும் சொல்லுங்க, ஒருத்தர் பேசினா பின்னாடி இருக்கறவங்களுக்கு கேக்காது. அப்படி ஒண்ணும் அமையலைன்னா நானே வர்றேன் அக்கா. எனக்கு எல்லா மரமும் தெரியாது, ஒரு அறுபது எழுபது சொல்லுவேன், தமிழ்ல.

---

கப்பன்பார்க்_காலைநடை

அண்ணன் சொன்னதோட கப்பன் பார்க்கும் சேத்துக்கலாமே, 1870ல சாங்கினு ஒரு என்ஜினியர் போட்டது. லால்பாக் தாவரவியல் தோட்டம்னா இது மரத்தடி, கையில எழுதி வெச்சுக்க அதிகமில்லை ஆனா மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வயசானவங்க உக்கார ரொம்ப நல்ல இடம். நூலகம் பக்கத்துல மூங்கில் கூட்டம் இருக்கு, அதுக்குள்ள காத்து போற சத்தம் கேட்டுட்டே உக்காந்திருக்கலாம். ஞாயித்துக்கிழமை உள்ள வண்டி விட மாட்டாங்க, அது ஒரு நிம்மதி.

ஆனா ஒரே நாள்தான்னா கப்பன் பார்க்கை விட்டுட்டு கே.ஆர். மார்க்கெட் பூச்சந்தை போங்கன்னுதான் சொல்வேன். விடியக்காலை 5 மணிக்கு அங்க நின்னா செவ்வந்தி, கனகாம்பரம், மல்லி, சம்பங்கி, ரோஜா மலை மலையா குவிஞ்சிருக்கும், நம்ம ஓசூர் பக்கமிருந்தும் பூ வரும். நாம முழம்னு அளக்கறதை இங்க மாருனு ரெண்டு கையை விரிச்சு அளப்பாங்க. அங்கிருந்து லால்பாக் மெட்ரோவுல ரெண்டே ஸ்டாப், இறங்கினா மேற்கு கேட். தரை வழுக்கும், செருப்பு நல்லதா போட்டுட்டு வாங்க.

---

ஈரோடு_விதைப்பெட்டி

ஒண்ணே ஒண்ணு மனசுல இருந்து சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. லால்பாக்ல தயவு செஞ்சு யாரும் கிளை ஒடிக்காதீங்க, குச்சி கிள்ளாதீங்க, விதை பொறுக்கி பையில போடாதீங்க. நமக்கு எல்லாருக்கும் கை துறுதுறுங்கும், எனக்கும்தான். ஆனா ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வர்ற இடம், ஆளுக்கு ஒரு குச்சின்னா அந்தச் செடி என்ன ஆகும். நாங்க போனப்ப எங்க கூட்டத்துல ஒருத்தர் அரிய வகை செம்பருத்தியில மூணு குச்சி ஒடிச்சாரு, அங்க வேலை செய்யற அம்மா பாத்துட்டு ஒண்ணும் திட்டல, அந்தக் கிளையைத் தடவிக் குடுத்துட்டுப் போனாங்க. திட்டியிருந்தா கூட பரவாயில்லைனு தோணுச்சு எனக்கு. பேரை எழுதிக்குங்க, போட்டோ எடுங்க, வெளிய நர்சரியில கேட்டு வாங்குங்க.

பிளாஸ்டிக் பாட்டில், கவர் எதுவும் கொண்டு போக வேண்டாம், ஸ்டீல் பாட்டிலும் துணிப்பையும் போதும்.

---

மாடிமல்லிகை_சேலம்

அப்படியே ஆகட்டும்ங்க, வண்டியில ஏறினதும் இதை நானே எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டிடறேன்.

நேத்து ராத்திரி குழுவுல பேசினோம். முந்தின நாள் சாயங்காலமே கிளம்பி ஓசூர்ல தங்கறோம், அப்பதான் விடியக்காலை பெங்களூர் நுழையற இடத்துல சில்க் போர்டு சந்திப்பு நெரிசல்ல மாட்டாம வர முடியும். முட்டி வலிக்காரங்களும் அவங்க கூட ரெண்டு பேரும் நேரா லால்பாக், மத்தவங்க 5:30க்கு பூச்சந்தை பாத்துட்டு 7 மணிக்கு லால்பாக் மேற்கு கேட்ல சேர்ந்துக்கறோம். 11 வரைக்கும் தோட்டம். அப்புறம் சாப்பாடு, மதியம் முழுக்க சித்தாபுரா நர்சரி. கப்பன் பார்க், ஐஐஹெச்ஆர் ரெண்டும் அடுத்த தடவை. கண்காட்சி ஆரம்பிக்கற வாரம், புதன்கிழமை. மால் போகலாம்னு சொன்ன ரெண்டு பேரும் அந்த இலவ மரத்து வேர் பத்திப் படிச்சதும் வேண்டாம்னுட்டாங்க.

அண்ணா, நீங்க வர்றேன்னு சொன்னது எங்க 71 வயசு பாட்டிக்கு அவ்வளவு சந்தோஷம். உங்களுக்குனு எங்க சேலத்து மாங்கன்னு ஒண்ணு தொட்டியில ஒட்டுப் போட்டு வெச்சிருக்கேன்னு சொல்லச் சொன்னாங்க. சாப்பாடு எங்கனு மட்டும் சொல்லிடுங்க.

---

பசவனகுடிவாசி

பாட்டிக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க, அந்த மாங்கன்னுக்கு இப்பவே பால்கனியில கிழக்குப் பக்கம் இடம் ஒதுக்கிட்டேன்.

சாப்பாட்டுக்கு லால்பாக் ரோட்ல எம்.டி.ஆர். இருக்கு, 1924ல ஆரம்பிச்சது, ரவா இட்லிக்குப் பேர் போனது. ஆனா 18 பேருக்கு ஒண்ணா இடம் கிடைக்க ரொம்ப நேரம் நிக்கணும், ரெண்டு கூட்டமா பிரிஞ்சு போங்க. நீங்க வர்ற சமயம் ஜனவரிங்கறதால வி.வி.புரம் பக்கம் பச்சை மொச்சை வண்டி வண்டியா வந்திருக்கும், இங்க அவரேகாய்னு சொல்வாங்க, உப்புமா, தோசை, வடை எல்லாத்துலயும் போடுவாங்க. வாங்கினா தோலுரிக்காத காய் வாங்குங்க, நாலு முத்தின காயை காய வெச்சு எடுத்துட்டுப் போய் ஆடிப்பட்டத்துல போட்டுப் பாருங்க.

வண்டியை எந்த கேட்ல விடுறீங்களோ அந்த கேட் பேரை எல்லார் கையிலயும் எழுதிக் குடுத்துடுங்க அக்கா, நாலு கேட் இருக்கு, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ரொம்ப தூரம். இலவ மரத்துல இப்ப இலை கொட்ட ஆரம்பிச்சிருக்கு, ஞாயித்துக்கிழமை போறப்ப போட்டோ எடுத்து இங்க போடறேன்.